நான் காலி செய்த பாத்திரம்

தனியாகவே சாப்பிட்டுப் பழகியவனுக்குப் பங்கு வைக்கத் தெரியாது. இதை நான் இரண்டு சபையார் முன்னிலையில் நிரூபித்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நான்கு வருடமாகத் தனிவாசம். ஞாயிறு ஆராதனை முடிந்தால் சாப்பாட்டுக்கடை, பிறகு அறை, பிறகு நாட்குறிப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் எல்லாம் ஒரே வரிதான்: “இன்று யாருடனும் பேசவில்லை.” (பின்னாளில் ‘மேற்படி’ என்று மட்டும் எழுதத் தொடங்கினேன்.)

அந்த வருடம் எங்கள் சபையும் பக்கத்துத் தெருச் சபையும் முதல்முறையாகச் சேர்ந்து, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து எடுப்பதென்று முடிவாயிற்று. அதுவரை ஒருவர் பந்தியில் மற்றவர் சேர்ந்ததில்லை. புது மனிதர்கள் இருப்பார்கள், ஒருவராவது என் பெயரைக் கேட்பார் என்று நம்பினேன். ஒன்பது மணி ஆராதனைக்கு ஏழு நாற்பதுக்கே அவர்கள் கோயிலுக்குப் போய் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். விளைவு, பீடத்தின் முன் முதல் ஆளாக முழங்காலிட நேர்ந்தது. பார்த்துச் செய்ய எனக்கு முன்னால் யாருமில்லை.

எங்கள் சபையில் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். ஒரு மிடறு திராட்சைச் சாறு. மிச்சம் வைப்பது மரியாதையல்ல. அவர்களுடைய போதகர் ஐயரோ பெரிய வெள்ளிப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார். விருந்தாளிக்குப் பெரிதாகத் தருகிறார் என்று மனம் நெகிழ்ந்து குடித்தேன். புளித்த திராட்சை ரசம் தொண்டையை எரித்தது. ஐயர் பாத்திரத்தின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். (தாங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.) கடைசிச் சொட்டுவரை முடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐயர் உள்ளே பார்த்தார். எனக்கு அடுத்து முழங்காலிட்டிருந்த பெரியவரும் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது எல்லாருக்கும்,” என்றார் ஐயர், தணிந்த குரலில்.

அவர் மறுபடி ரசம் ஊற்றி மறுபடி ஜெபித்து முடிக்கும்வரை முதல் வரிசை முழங்காலிலேயே இருந்தது. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு இரண்டு சபையும் சேர்ந்து சிரித்தது. ஒற்றுமை உண்டாகிவிட்டது. நான் தலைசுற்றலோடு எழுந்து வேறு யாருடைய பெஞ்சிலோ உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும் பக்கவாசல் வழியே நழுவினேன். அங்கே அந்தப் பெரியவர் மனைவியோடு நின்றிருந்தார்.

“எங்க ஓடுற? பேரு என்ன தம்பி?”

சொன்னேன்.

“காலையில சாப்பிட்டியா?”

“இல்லைங்க.”

“வெறும் வயித்துலயா அத்தனையும்? வீட்டுக்கு வா லா. தனியா நடந்தா ரோட்டுல விழுவ.”

“மீன் குழம்பு இருக்கு,” என்றார் அவர் மனைவி. “சட்டிய மட்டும் இந்தத் தம்பி கையில குடுத்துராதீங்க.”

அன்றைய பக்கத்தில் ‘மேற்படி’ இல்லை.

பதினைந்து வருடமாகிறது. அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் இப்போது இல்லை. அவர்கள் மகள் குடும்பம் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிடுவார்கள். மற்ற ஞாயிறுகள் மேற்படி.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு சட்டம் உண்டு. “மாமாவுக்குக் கடைசியில,” என்று பிள்ளைகள் சட்டியை எட்ட வைத்துக்கொள்வார்கள். நான் காத்திருப்பேன். அது என்னிடம் வந்து சேர்வதற்குள் மேசையைச் சுற்றி ஒருமுறை எண்ணிவிடுவேன். என்னோடு ஏழு பேர்.