கூடத்தில் ஒரு தனி நாடு

தச்சர் அன்று காலை கூடத்தின் நடுவே சாக்பீஸால் கோடு கிழித்துத் தனி நாடு அறிவித்தார். கட்டிலும் நாற்காலியும் அவர் பக்கம். வாசல், அடுப்படி, குளியலறை எல்லாம் மனைவி பக்கம். ஆத்திரத்தில் அதை அவர் கவனிக்கவில்லை.

காரணம், மச்சான் விருந்துக்கு வருகிறான். தச்சர் தன் கையால் செய்த குளியலறைக் கதவைக் கோணல் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்துப் பேர் நடுவே சொன்னவன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. சாகும்வரை பேசுவதில்லை என்று சபதம் வேறு.

"உன் தம்பி இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இது என் நாடு."

"கோடு போட்டா நாடாயிடுமா? மலை இருக்கு, பாலைவனம் இருக்கு. அதெல்லாம் வெறும் நிலப்பகுதி. யாரும் அறிவிக்க வேண்டாம், அது பாட்டுக்குக் கிடக்கும். நாடுன்னா சட்டம் வேணும். பக்கத்து நாடு ஒத்துக்கணும்."

"நீ ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிட்டேன். அப்ப நீங்களும் அனுமதி இல்லாம இந்தப் பக்கம் வரக் கூடாது. சரிதானே?"

"சரி."

தச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷத்தில் அவள் உடனே ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது.

வெயில் ஏறியது. மனைவி கோட்டோரம் ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள்.

"பக்கத்து நாட்டு உதவி. குடிங்க."

எதிரியானாலும் நல்லவள் என்று நெகிழ்ந்து குடித்தார். இரண்டாவது செம்பு வந்தது. மூன்றாவதையும் நன்றியோடு காலி செய்தார்.

மச்சான் வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோது, தச்சர் இரண்டு காலையும் பின்னிக்கொண்டிருந்தார்.

"இந்தா, நான் குளியலறைக்குப் போகணும்."

"எல்லை அதிகாரி என் தம்பிதான். அவன்கிட்ட கேளுங்க."

தச்சர் கூரையைப் பார்த்தார். கட்டிலைச் சுற்றி நடந்தார். பன்னிரண்டு வருஷம் ஒரு பக்கம் நெருக்கியது, மூன்று செம்பு ஒரு பக்கம் நெருக்கியது. செம்பு ஜெயித்தது.

"மச்சான்... போயிட்டு வரட்டுமா?"

"ஓடுங்க மாமா. கதவைக் கொஞ்சம் தூக்கித் திறங்க, அது..."

"கோணல்தான்டா, தெரியும்" என்றபடியே ஓடினார்.

திரும்பி வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. நெஞ்சும்தான். இவ்வளவு பாரத்தையா இத்தனை வருஷம் சுமந்தோம் என்றிருந்தது. மனசுக்குள் மனைவியைக் கையெடுத்துக் கும்பிட்டார். முகத்தை மட்டும் விறைப்பாக வைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தார். கோட்டைக் காணோம். அவள் ஈரத் துணியோடு நின்றிருந்தாள்.

"என் நாடு எங்கே?"

"கூடம் அங்கேயேதான் இருக்கு. நாட்டைத்தான் துடைச்சிட்டேன். பார்த்து வாங்க, வழுக்கும்."