சன்னலடிப் பாட்டு

“இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை” என்று லப்டொப் மறுபடியும் காட்டியபோது எமில்ராஜுக்கு வியர்த்துவிட்டது. விறாந்தையில் கலியாண நாள் கேக் வைத்தாயிற்று. பங்குச் சுவாமி செபம் சொல்ல ஆயத்தமாக நின்றார்.

“இஞ்சாருங்கோ, கெதியா வாங்கோவன். சுவாமி எவ்வளவு நேரம் நிக்கிறது?” என்றாள் மனைவி மக்டலீன்.

“வாறன், வாறன். உனக்கொரு சாமான் வைச்சிருக்கிறன்.”

அந்தச் சாமான் ஒரு பாட்டு.

எண்பதுகளில் குருநகரில் அவர்களுடைய தெருவிலேயே கொம்பியூட்டர் இருந்த ஒரே வீடு மக்டலீனுடையது. ஜேர்மனியிலிருந்து அவளுடைய மாமா அனுப்பியது. ரிவிப் பெட்டியில் பொருத்தினால் விளையாட்டு ஓடும். அவளுடைய தம்பி ஜஸ்ரின் விளையாடத் தொடங்கினால், தகரக் குரலில் ஒரு மெட்டுக் கிளம்பும். மெட்டுக் கிளம்பியதும் மக்டலீன் சன்னலடிக்கு வந்து நிற்பாள். வெளியே எமில்ராஜ், கழலாத சைக்கிள் செயினைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு அன்றைக்குச் சோறு.

போர்க்கால இடப்பெயர்வில் கொம்பியூட்டரும் போயிற்று, அந்தச் சன்னலும் போயிற்று. மெட்டு மட்டும் அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போன மாதம் அது இணையத்தில் அகப்பட்டபோது, கலியாண நாளன்று மக்டலீனை அழவைத்துவிடுவது என்று முடிவுகட்டினார்.

இப்போது அவசரமாக, பழைய கொம்பியூட்டர் பாட்டுகளை வாசிக்கும் வேறொரு பிளேயரை இறக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டு மறுபடி தட்டினார்.

டமார்!

விளையாட்டு விண்கலம் ஒன்று ஸ்பீக்கருக்குள் வெடித்துச் சிதறியது. சுவாமி சிலுவை அடையாளம் போட்டார். முற்றத்து நாய் மதில் ஏறிப் பாய்ந்தது.

“பயப்பிடாதேங்கோ! ஒரு கோப்புக்குள்ளை கன பாட்டு இருக்கு. இது அதில்லை!”

அடுத்ததைத் தட்டினார். அதேதான்! தகரக் குரல் துள்ளித் துள்ளி எழுந்தது. எமில்ராஜ் மக்டலீனைப் பார்த்தார். அவள் அசையாமல் நின்றாள்.

ஆனால், பாட்டு முடியவில்லை. முடிகிற இடத்தில் மறுபடி தொடங்கியது. அந்தக் காலத்து விளையாட்டுப் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

“நீங்கள் செபத்தைத் தொடங்குங்கோ சுவாமி, நான் நிப்பாட்டுறன்,” என்று ஒரு பொத்தானை அழுத்தினார். அது வேகத்தைக் கூட்டுகிற பொத்தான். மெட்டு இரட்டை வேகத்தில் ஓட, அதற்கு ஈடுகொடுத்துச் சுவாமியின் செபமும் ஓடியது. லப்டொப்பை மூடிப் பார்த்தார். மூடிய பிறகும் ஸ்பீக்கர் பாடியது. கடைசியில், இப்போது நரைத்த மீசையோடு நிற்கும் ஜஸ்ரின் வந்து ஸ்பீக்கரின் கரண்ட் வயரைப் பிடுங்கினான்.

வீடு அமைதியானது. மக்டலீன் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின.

எமில்ராஜின் கண்களும் கலங்கின. “பாத்தியே ஜஸ்ரின், உன்ரை அக்கா உந்தப் பாட்டை இன்னும் மறக்கேல்லை!”

ஜஸ்ரின் வயரைச் சுருட்டியபடியே சொன்னான்: “எப்பிடி மறப்பா அத்தான்? உந்தச் சத்தம் தாங்கேலாமல்தானே, முதல் வந்த உங்கடை சம்பந்தத்துக்கே அக்கா ஓம் எண்டவ!”