நீ குதிரையிலிருந்து விழும் வீடியோக்கள் சம்பந்தமாக

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் சௌக்கியம், என் இடது தோள்பட்டை நீங்கலாக. அங்கு நீயும், உன் மகனும், மருமகளும், நீ ஏறும் குதிரையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குதிரையைக் கடைசியில் எழுதியதற்காக நீ மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரிசை தவறினால் எனக்குக் கை ஓடாது.

பொருள், தலைப்பில் கண்டபடி. பார்வை, உன் மகன் ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடன் போனில் பேசியது. பிள்ளை பாவம், புலம்பித் தீர்த்துவிட்டான். "மாமா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அம்மா சாணிக் குவியல்ல மல்லாந்து கிடக்காங்க. மீட்டிங் நடுவுல ஒருத்தன் போனை நீட்டி, 'இது உங்கம்மாதானே'ங்கிறான். நான் எங்க போய் முட்டிக்கட்டும்?" என்றான். "மருந்துக் கடையில நிம்மதியா உக்காந்திருந்தவங்க. அம்பத்தேழு வயசுல எலும்பு கிலும்பு ஒடஞ்சா யார் பாக்கறது? நான் சொன்னா, 'எங்கண்ணன் சொல்லட்டும், நிறுத்திடறேன்'னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க மாமா." அன்றிலிருந்து நீயும் வீடியோ எதுவும் போடாமல் என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறாய் என்று தெரிகிறது. ஆகவே மூத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். குதிரை ஏறுவதையும், அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவதையும் நீ உடனே நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணங்களைக் கீழே விவரிக்கிறேன்.

முதல் காரணம் என் மானம். உன் வீடியோவை முதலில் பார்த்தவள் உன் அண்ணிதான். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைப் போட்டுவிட்டு, "இங்க வாங்க, உங்க தங்கச்சி முக்காலி மேல நின்னுக்கிட்டு என்னமோ பண்றா" என்று கூப்பிட்டாள். நீ பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி நின்று குதிரைமேல் கால் போடப் பார்க்கிறாய், குதிரை ஓரடி தள்ளி நிற்கிறது. நீ முக்காலியை நகர்த்துகிறாய், அது மறுபடி ஓரடி தள்ளுகிறது. லாயத்தை ஒரு சுற்று இப்படியே சுற்றி வந்துவிட்டீர்கள் இரண்டு பேரும். பார்த்த உடனே உனக்கு நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. வீடியோவுக்குக் கீழே எழுத இடம் விட்டிருந்தார்களே, அது நமக்குள் தனியாக எழுதிக்கொள்வதற்கு என்று நினைத்துவிட்டேன். "அன்புத் தங்கைக்கு" என்று தொடங்கி, என் சர்க்கரை அளவு, உன் அண்ணியின் முழங்கால், நீ சின்ன வயதில் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தது வரை எழுதி, "இப்படிக்கு, உன் அண்ணன்" என்று முடித்தேன். மறுநாள் பார்த்தால், முன்பின் தெரியாத ஜனங்களெல்லாம் கீழே வரிசையாக, "அண்ணா, சர்க்கரை எப்படி இருக்கு?" என்று விசாரித்திருக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை பேருக்கு நான் அண்ணன் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம் எங்கள் சோபா. குதிரை துள்ளி ஓடும்போது அதன் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்கார வேண்டும், அது பிடிபடாவிட்டால் வீட்டில் சோபாக் கைப்பிடியில் உட்கார்ந்து பழகலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னாய். உன் சோபா எந்தக் கடையில் வாங்கியதோ தெரியாது. எங்களுடையது கல்யாணத்துக்கு வந்தது. நான் நன்றாகத்தான் எழுந்தேன். உட்கார்ந்தபோது கைப்பிடி என்னோடு தரைக்கு வந்துவிட்டது. கீழ் வீட்டுக்காரர் மேலே ஓடி வந்து, மூச்சிரைக்க, "என்ன சார், யாராவது விழுந்துட்டாங்களா?" என்றார். உன் அண்ணி வாயைத் திறக்காமல் கைப்பிடியைத் தூக்கி அவரிடம் காட்டினாள். அந்த மௌனத்தை நான் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. உன் மூன்றாவது வீடியோவோ நாலாவதோ, குதிரையின் கழுத்தைத் தட்டி, "நட மேடம், நட" என்றாய். உன் குதிரைக்குப் பெயர் வேறு என்று எனக்குத் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவிக்கொள்ளப் போய்விட்டேன். அப்பா கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த காலத்தை விட்டு நான் வந்து எத்தனையோ வருஷமாகிறது. நீ ஒரே வார்த்தையில் என்னைப் பிடித்து அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டாய். டிஞ்சர் வாசனை அடிக்கும் அந்தப் பின்கட்டுக் குவார்ட்டர்ஸ், எப்போதும் ஒழுகும் குழாய், அதன் பக்கத்தில் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அந்தக் கிழட்டுப் பெண் குதிரை. கால் வீக்கத்துக்கு வைத்தியம் பார்க்கக் கொண்டுவந்து கட்டியவர்கள் திரும்பி வரவே இல்லை. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது, அதனால் 'மேடம்' என்று பெயர் வைத்தவள் நீ. முச்சந்தி வந்தால் தானாக நின்றுவிடும். எல்லா வண்டியும் போய், தெரு காலியான பிறகுதான் காலை எடுத்து வைக்கும். சைக்கிள் கடைக்காரர் வேண்டுமென்றே விசில் ஊதுவார், அது நடுத்தெருவில் விறைப்பாக நின்றுவிடும், நாம் மேலே உட்கார்ந்தபடி அவரிடம் கெஞ்சுவோம். நீ முன்னால், நான் பின்னால் உன் பின்னலைப் பிடித்துக்கொண்டு. அப்பா வாசலில் நின்று, "ஏறினா ரெண்டு பேரும் ஏறுங்க, எறங்கினா ரெண்டு பேரும் எறங்குங்க. ஒண்ணு அழுதுக்கிட்டும் ஒண்ணு சிரிச்சுக்கிட்டும் வீட்டுக்கு வரக் கூடாது" என்பார். அதைவிடச் சந்தோஷமாக நான் எப்போதாவது இருந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்ததாக நினைவில்லை. உன் அண்ணியிடம் இதைச் சொல்லிவிடாதே, அவளிடம் கல்யாண நாளைச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வார்த்தை செய்த வேலைதான், மறுநாளே போய் ஊர்க் கோடியில் இருக்கும் குதிரைப் பயிற்சி லாயத்தில் சேர்ந்துவிட்டேன். அங்கே பயிற்சி தருகிற அம்மாளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'பட்டாளம்'. "முதுகு! முழங்கால்! முகவாய்!" என்று மூன்று சொல்லுக்கு மேல் பேசமாட்டார். என்னோடு பழகுகிறவர்கள் ஒரு பல் டாக்டர், ஒரு தையற்கார அம்மாள், ஒரு பஸ் டிரைவர். இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று பேரும் உன் ரசிகர்கள். நான்தான் அந்த 'அண்ணா' என்று தெரிந்ததும் எனக்கு நடந்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். பல் டாக்டர் பெரிய பெரிய வீரர்கள் வேலி தாண்டும் வீடியோக்களையே பார்த்துப் பார்த்து, இது நமக்கான வித்தை இல்லை என்று விலகிவிடப் பார்த்தவராம். நீ சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் நுழைக்கத் தேடித் தேடி, கடைசியில் கீழே குனிந்து, "எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று அதைத் திட்டியதைப் பார்த்துத்தான் திரும்பி வந்தாராம். "அந்தப் பெரிய ஆளுங்க ஏறுறத பாத்தா கைதட்டத் தோணுது அண்ணா. உங்க தங்கச்சி ஏறுறத பாத்தா நாமளும் ஏறலாம்னு தோணுது" என்றார். தையற்கார அம்மாளுக்குக் குதிரைமேல் உட்கார்ந்தால் பார்வை கீழேதான் போகும், எங்கே விழப் போகிறோம் என்று இடம் பார்த்துக்கொண்டே இருப்பார். நீ அதே தப்பைச் செய்து, அதே இடத்தில் விழுந்து, எழுந்து வந்து, "பாத்த இடத்துலதான் விழுவோம், அதனால தூரமா பாருங்க" என்றாயாம். பட்டாளம் மாதக்கணக்கில் "முகவாய்!" என்று கத்திப் புரியாதது அன்றைக்குப் புரிந்ததாம். பஸ் டிரைவர் வேறு மாதிரி. "பயமா இருக்குன்னு வெளிய சொன்ன ஒரே ஆள் அவங்கதான்" என்று மட்டும் சொன்னார். இவையெல்லாம் உன் மகனுக்குச் சாதகமான காரணங்கள் இல்லைதான். ஆனாலும் கோப்பு என்றால் இரண்டு தரப்பும் இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் என் தோள்பட்டை. சேணத்தை வைத்து வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும் என்றும், நாலடி நடத்திவிட்டு மறுபடி இறுக்கினால்தான் சேணம் நிற்கும் என்றும் நீ ஒரு வீடியோ போட்டாய். முதல் பாதியை அக்கறையாகப் பார்த்தேன். அதற்குள் உன் அண்ணி அடுப்பில் பால் பொங்குவதாகக் கூப்பிட்டுவிட்டாள். பாலை இறக்கினேன், வீடியோவை மறந்தேன். மறுநாள் லாயத்தில் நானே வாரை இறுக்கினேன், பட்டாளம்கூட, "பரவாயில்லையே" என்று நாலாவது சொல்லை உதிர்த்தார். ஏறி உட்கார்ந்தேன். அந்தப் படுபாவி மூச்சை விட்டது. சேணம் மெதுவாக, மிக மெதுவாக ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. குதித்திருக்கலாம். ஆனால் தலைமை எழுத்தர் பதவியில் இருந்தவன் குதிப்பதா என்று ஒரு யோசனை. நிமிர்ந்த முதுகு, சரியான முழங்கால், உயர்ந்த முகவாய், எல்லாவற்றோடும் குதிரையின் வயிற்றுக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன். இடது தோள்பட்டைதான் முதலில் தரையைத் தொட்டது. பல் டாக்டர்தான் என்னைப் பிடித்து வெளியே இழுத்தார். அதற்குப் பிறகு லாயத்துப் பக்கம் நான் போகவில்லை. என் பூட்ஸ் இரண்டிலும் உன் அண்ணி மண்ணைப் போட்டு மணிபிளாண்ட் வைத்துவிட்டாள், நன்றாகத் துளிர்த்திருக்கிறது.

ஆகவே, மேற்கண்ட சேதங்களை முன்னிட்டும், உன் மகனின் நிம்மதியை முன்னிட்டும், இனி நீ குதிரைப் பக்கம் போகாமல், மருந்துக் கடையில் மின்விசிறிக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இதன்மூலம் அறிவுறுத்துகிறேன். மாப்பிள்ளை இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். உன் அண்ணி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மருமகளுக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். நீ நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல், எலும்பு முறியாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று உன் மகனுக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, "விழுந்தப்புறம் சிரிச்சா பாரு, அதுதாண்டா எனக்குத் தாங்கல" என்றேன். "யாரு சிரிச்சாங்க?" என்றான். "உங்கம்மாதான். சாணிக்குள்ள கிடந்துக்கிட்டு, மூச்சு முட்டச் சிரிக்கிறாளே." அவனுக்குப் புரியவில்லை. ஆபீசில் பார்த்தவன், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்திருக்கிறான். எல்லா வீடியோவையும் அப்படியேதான். "சத்தம் வச்சு இப்பவே பாருடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, "அப்பா போனதுலேர்ந்து வீட்ல அம்மா இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல மாமா. அந்த லெட்டரை போட்டுடாதீங்க" என்றான்.

தபால்தலை ஒட்டியாகிவிட்டது. ஒட்டிய தபாலை அனுப்பாமல் வைத்துக்கொண்ட பழக்கம் என் சர்வீசிலேயே கிடையாது. அதனால் உறையைப் பிரித்து இதை எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன். மேலே இருப்பது எதையும் படிக்காதே. போய் ஏறு.