ஐந்நூறு லிட்டரும் ஆறு சாமிகளும்

கணக்கைத் தப்பாகப் போடுகிறவர்களை மன்னித்துவிடலாம். கணக்கை மில்லிகிராம் சுத்தமாகப் போட்டுவிட்டு ஊரையே கவிழ்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் ஆபத்தானவர்கள். நான் அந்த ஜாதி.

தொண்ணூறுகளின் நடுவில் கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்து, கிண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதத்தில் எனக்கு வந்திருந்த மிதப்பு, பெரிய பெரிய பரிசு வாங்கிய விஞ்ஞானிகளுக்குக்கூட வந்திருக்காது. அம்மா மோரில் உப்புப் போட்டால், "எத்தனை சதவீதம்? நூறு கிராமுக்கா, நூறு மில்லிக்கா?" என்று கேட்பேன். (அம்மா பதிலுக்குக் கரண்டியைக் காட்டுவாள்.)

அந்தக் கார்த்திகை மழையில், மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் சம்ப்புக்குள் சாக்கடை புகுந்துவிட்டது. கீழே சம்ப், மொட்டைமாடியில் தொட்டி, இரண்டையும் காலி செய்து கழுவினார்கள். புதுத் தண்ணீர் வந்ததும் ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும். வழக்கமாக வாட்ச்மேன் வேலு கையால் அள்ளிப் போடுவார். நான் இருக்கும்போது அது நடக்குமா?

"கைப்பிடியெல்லாம் ஒரு அளவா வேலு? லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் குளோரின் வேணும். சம்ப் பத்தாயிரம் லிட்டர். ஆக மொத்தம் நூறு கிராம் குளோரின். பவுடர்ல முப்பது சதவீதம்தான் குளோரின் இருக்கும். அப்போ பவுடர் முன்னூத்தி முப்பத்திமூணு கிராம்!"

"இன்னா சார், ஒரு பவுடருக்கு இவ்ளோ மந்திரமா?" என்றார் வேலு.

மளிகைக் கடைக்காரர் முந்நூற்றைம்பதாகக் கட்டிக்கொடுத்தார். நான் விடவில்லை. மறுபடி தராசில் போடச் சொல்லி, அதிகப்படி பதினேழு கிராமை ஸ்பூனால் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் பார்த்த பார்வையை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் லாரி வந்து சம்ப்பை நிரப்பும் என்று ஏற்பாடு. ஐந்து மணிக்கு நான் பவுடரைப் பக்கெட்டில் கரைத்து, இருட்டில் சம்ப் மூடியைத் திறந்து, சாய்த்து ஊற்றி, மூடி, மோட்டாரைப் போட்டேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. (எதற்குப் பார்ப்பது? கணக்குத்தான் இருக்கிறதே!)

இனிமேல்தான் சாமிகள் வருகிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஆறு பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு இருமுடி கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்ப வேண்டும். குருசாமி, மூன்றாவது மாடி நடராஜன் மாமா. மற்ற நாட்களில் அவருடைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால், அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்காமல் இருக்க அம்மா ஜன்னலைச் சாத்துவாள். மாலை போட்டுவிட்டால் ஆளே வேறு. விரதம். கோபம் கூடாது, கடுஞ்சொல் கூடாது, எறும்பைக்கூட 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

நாலு நாள் மழையில் எதுவும் காயவில்லை. அன்று வெயில் வந்ததும் ஆறு பேரும் இருந்த கறுப்பு வேட்டி, சட்டை அத்தனையையும் மொட்டைமாடியில் பக்கெட்டுகளில் ஊறப்போட்டுவிட்டு, துண்டோடு நின்றார்கள்.

"சேகர் சாமி, தண்ணி ஒரு மாதிரி நெடியடிக்குதே?" என்றார் மாமா.

"அதுதான் சாமி சுத்தத்தோட வாசனை" என்றேன்.

ஒன்பது மணிக்கு மொட்டைமாடியிலிருந்து "சாமியே!" என்று ஒரு அலறல். அதற்குப் பின்னால் வரவேண்டிய 'சரணம் ஐயப்பா' வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கொடியில் கறுப்பே இல்லை. ஆறு பேர் உடுப்பும் செம்பட்டையும் பழுப்புமாக, யாரோ டிகாஷனைக் கொட்டிய மாதிரி திட்டுத் திட்டாகத் தொங்கின.

கீழே ஓடி வேலுவைப் பிடித்தேன். "லாரி வந்துச்சா இல்லையா?"

"எங்க சார் வந்துச்சு? தெரு முனைல சேத்துல மாட்டிக்கினு நிக்குது. ராத்திரி குழாய்ல வந்த தண்ணிதான் உள்ள கீது, கணுக்கால் அளவு. மூடியத் தொறந்தியே, எட்டிப் பாக்கலியா நீ?"

கணுக்கால் அளவு என்றால் ஐந்நூறு லிட்டர். பத்தாயிரம் லிட்டருக்கான மருந்து ஐந்நூறு லிட்டரில். லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் இல்லை, இருநூறு. வகுத்தல் கோட்டுக்கு மேலே இருந்த கிராமை ஸ்பூனால் கொஞ்சிய நான், கோட்டுக்குக் கீழே இருந்த லிட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி மாடியேறிப்போய் ஒப்புக்கொண்டேன். ஆறு சாமிகள், ஆறு துண்டுகள், பன்னிரண்டு கண்கள். ஒருவர் வாயும் திறக்க முடியாது! மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"சாமி... உங்களுக்கு அறிவு..." என்று ஆரம்பித்தார். கண்ணை மூடினார். "...ஜாஸ்தி சாமி."

"சாயம் வாங்கி முக்கிடலாம் மாமா. லிட்டருக்கு எத்தனை கிராம்னு நான் கணக்குப் போட்டு..."

"சாமியே சரணம்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. மற்ற ஐவரும் அதே தொனியில் சரணம் சொன்னார்கள். சரணத்தைக் கேட்டு நான் நடுங்கியது அன்றைக்குத்தான்.

ஆட்டோ பிடித்து தி.நகருக்கு ஓடினேன். கறுப்பு வேட்டி எல்லாக் கடையிலும் தீர்ந்திருந்தது. பதினோராவது கடையில் நீலம் ஐந்தும் காவி ஒன்றும் கிடைத்தன. (அந்த நிறங்களுக்கும் மலையில் அனுமதி உண்டு என்பதால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன்.) ஐந்தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். துண்டுகள் வேட்டிகளாக மாறின. ஆறு மணிக்கு இருமுடி கட்டினார்கள். போகும்போது மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறாம் நாள் திரும்பி வந்து மாலையைக் கழற்றிய கையோடு, ஆறு பேரும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமா அரவணைப் பாயசத்தை அம்மா கையில் கொடுத்து, "கொஞ்சம் உள்ள போய் இருங்கம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டேய், சேகரூ!"

அடுத்த கால் மணி நேரம் அச்சில் ஏறாது. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத சரக்கு. அவருக்கு மூச்சு வாங்கியபோது மற்ற ஐவரும் தொடர்ந்தார்கள். முடிந்ததும் அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

அந்த வருஷத்திலிருந்து ஒரு வழக்கம். கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் மாமா என்னைத் திட்டிவிடுவார். மாலை போட்டபின் நான் எதையாவது செய்து தொலைத்தால் வாய் திறக்க முடியாதே, அதற்கான முன்பணம். நான் திருவான்மியூருக்குக் குடிமாறிய பிறகு போனில். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டு, மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பாள்.

போன வருஷம் அந்த நாளில் சாயங்காலம் வரை போன் வரவில்லை. மாமாவுக்கு எண்பதை நெருங்குகிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தேன்.

"நீங்களே பண்ணித் திட்டு வாங்கிக்குங்களேன்" என்றாள் மனைவி.

பண்ணினேன். "மாமா, நாளைக்கு மாலை..."

"தெரியும். இருடா, பேத்தி பக்கத்துல இருக்கா" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.