நடவு பார்த்த வருஷம்

வேலை செய்கிறவர்களைச் சும்மா நின்று பார்ப்பதால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைப்பவர்கள் ஒன்று வயலே இல்லாத ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது உளவியல் படித்திருக்க வேண்டும். நான் வயலுள்ள ஊரில் பிறந்தேன். ஆனாலும் உளவியல் படித்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்திருந்தது. தஞ்சைப் பக்கம் ஊருக்கு ஊர் கூலிச் சண்டை. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். (சரியான தேதியும் கிழமையும் என்னிடம் உண்டு. எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருப்பவன் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் தேதியை வீட்டில் யாரும் ஏற்பதில்லை.)

உளவியலில் உற்றுநோக்கல் முறையைப் பாடம் நடத்திய விரிவுரையாளர், ஆளுக்கொரு கருதுகோளை எடுத்துச் சோதித்து வரச் சொன்னார். பார்க்கப்படுகிறவர்களிடம் நோக்கத்தைச் சொல்லக்கூடாது, பேசக்கூடாது, சிரிக்கவும் கூடாது. மீறினால் முடிவு கெட்டுவிடும் என்று எச்சரித்தார். மற்ற மாணவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உற்றுநோக்கிவிட்டுச் சினிமாவுக்குப் போனார்கள். நூலகத்தில் பாதியைப் படித்து முடித்திருந்த எனக்கு அது போதவில்லை. “தம்மை ஒருவர் பார்க்கிறார் என்று அறிந்தால் மனிதர் விரைந்து வேலை செய்வர்.” இது என் கருதுகோள். சோதனைக்களம், ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த ஊர்.

அத்தான் குத்தகைக்குப் பயிர் செய்பவர். நாற்றைப் பறித்து, கைப்பிடிக் கட்டுகளாக முடி கட்டி வயலில் போட்டாயிற்று. வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் மறுநாள் நின்றுவிடும். அன்று நட்டால்தான் உண்டு. இல்லையென்றால் நாற்று மாட்டுக்கு. நடவுப் பெண்கள் கூலியை உயர்த்தக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாக மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கெஞ்சிக் கூத்தாடி, அந்த ஒரு நாள் மட்டும் பழைய கூலிக்கு வரப் பெண்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

அந்த நாளைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு வயல், அந்தப் பக்கம் ஒரு வயல். இரண்டிலும் பெண்கள் சரிபாதியாக இறங்கியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் கடவுளே ஏற்பாடு செய்துவிட்டார் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்தாரை வரப்பில் நின்று வெளிப்படையாகப் பார்ப்பது, அந்தப் பக்கத்தாரை ஒளிந்திருந்து பார்ப்பது என்று திட்டம். வெள்ளைச் சட்டை, பேண்ட், அத்தானின் கைக்கடிகாரம், எழுதுவதற்கு ஓர் அட்டை, பேனா சகிதம் போய் நின்றேன்.

நடவு வயலுக்குப் புதிதாக யார் வந்தாலும் பெண்கள் ஒரு நாற்று முடியைக் கொண்டுவந்து காலடியில் வைப்பார்கள். வந்தவர் நாலு வார்த்தை கேலி பேசி, பையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நடை பழகிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் விரிவுரையாளர் பேசக்கூடாது என்றிருந்தாரே.

நடவுக் கூட்டத்தின் தலைவி அஞ்சலை முடியை வைத்தாள். நான் ஓரடி பின்வாங்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன், எழுதினேன்.

“என்னங்க, வாயில கொழுக்கட்டையா?”

அதையும் எழுதினேன்.

“பேரு எழுதுறாருடி. யாரு மெதுவா நடுறான்னு குறிச்சிக் குடுத்துட்டு வெளியூரு ஆளக் கொண்டாரப் போறாங்க.”

நாற்று முடியைத் தாண்டி (ஆம், தாண்டக் கூடாததைத் தாண்டினேன்) வாய்க்காலைக் கடந்து, காட்டாமணக்குப் புதருக்குள் குந்தினேன். கட்டுப்பாட்டுக் குழுவின் கண் கூர்மையானது.

“ஏய், பொதருக்குள்ள ஆளு!”

“ஒதுங்க வந்திருப்பாரு. திரும்பிக்கடி.”

“ஒதுங்க வந்தவரு கையில பேனா எதுக்குடி?”

பேனாவைச் சட்டைக்குள் ஒளித்தேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு வயலும் காலி. எல்லாரும் வரப்பில் ஏறி வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“மாப்ள, என்ன எழுதுனீங்க? சொல்லித் தொலைங்க.”

“சொன்னா ஆராய்ச்சி கெட்டுடும் அத்தான்.”

அத்தான் என்னை அடிக்கவில்லை. பெண் எடுத்த வீடு என்ற மரியாதை. சாப்பாட்டுக் கூடையோடு வந்த அக்காவுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. அட்டையைப் பிடுங்கி, “காலையிலேருந்து எத எதையோ பாத்தியே, நாத்து வாடுறதப் பாத்தியாடா?” என்றாள்.

பார்த்தேன். நாற்றின் நுனி சுருண்டிருந்தது.

கருதுகோள், மாறி, கட்டுப்பாட்டுக் குழு என்று எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அஞ்சலை வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டாள்.

“அப்ப, நீங்க நின்னு பாத்தா நாங்க சீக்கிரமா நடுவமான்னு பாக்க வந்தீங்க?”

“ஆமாங்க.”

“சரி, எறங்குங்க. நாங்க பாக்குறோம்.” பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள். “ஐயா, கேட்ட கூலியக் குடுத்துடுங்க. பழைய கூலிக்கு நடத்தான் வந்தோம். பரிச்ச எழுத வரல.”

அத்தான் வெயிலைப் பார்த்தார், நாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார்.

பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். வரப்பு முழுக்கக் கண்கள். “ஊனுங்க, படுக்க வைக்காதீங்க!” “அது நாத்துங்க, கீரைக்கட்டு இல்ல!” பார்க்கப்படும் மனிதன் விரைந்து வேலை செய்வதில்லை, சேற்றில் உட்கார்ந்துவிடுகிறான். கருதுகோள் அங்கேயே முறிந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கி, நான் நட்டதைப் பிடுங்கித் திரும்ப நட்டு, பொழுது சாய்வதற்குள் இரண்டு வயலையும் முடித்தார்கள்.

சுற்றுவட்டாரத்தில் கூலியை முதலில் உயர்த்தியவர் என்ற பெயர் அத்தானுக்கு வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். இரு தரப்புக்கும் அத்தான் சொன்ன விளக்கம் ஒன்றுதான்: “மச்சினன் படிச்சவன்ங்க. அதான் இப்படி ஆயிப்போச்சு.” இரு தரப்பும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டன. குத்தகை பறிபோகாமல் தப்பியது. விரிவுரையாளர் மட்டும், “ஆய்வாளர் ஆய்வில் தேவைக்கு மேல் இறங்கிவிட்டார்” என்று சிவப்பு மையில் எழுதினார்.

அக்கா வீட்டில் இன்றைக்கும் பஞ்சாங்கம் தனி. மூத்த பெண் பிறந்தது “மாமா நடவு பாத்ததுக்கு மறுவருஷம்.” பம்புசெட் போட்டது “நடவு பாத்து ரொம்ப நாளு கழிச்சு.” நான் சரியான தேதியைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன தை மாதம் அக்கா பேத்திக்குக் கல்யாணம். முகூர்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ளலாமென்று அடுக்களை வாசலில் நின்று பேனாவை எடுத்தேன். உள்ளே சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

“டேய், பேனாவ உள்ள வை” என்று கூடத்திலிருந்து கத்தினாள் அக்கா. “சமையக்காரரு வரப்புல ஏறிடப் போறாரு.”