டேப்புக்கு அடியில் எரிந்த விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். வண்டிக்குத்தான் இத்தனை நாளும் சுகமில்லை. அங்கே நீயும் உன் வீட்டாரும் நலம் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

தகுதிச் சோதனைக்குள், எஞ்சின் கோளாறைக் காட்டும் அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை என்றால் அப்பாவின் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்று நீ போனில் சொன்னாய். நானும் அக்கா, அத்தான் முன்னிலையில் சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. அப்பா ஓட்டிய காலம்வரை எரியாத விளக்கு என் கைக்கு வந்ததும் எரிகிறதே என்று எனக்கே என் மேல் சந்தேகம். ஆனால் நடந்தது வேறு. அப்பா போன பிறகு டாஷ்போர்டைத் துடைத்தேன் அல்லவா, அப்போது ஒரு கறுப்பு டேப் துண்டு உரிந்து துணியோடு வந்தது. அதற்கு அடியில் விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்பது ஒட்டியவருக்குத்தான் தெரியும்.

அத்தான் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி ஒன்று வாங்கி வந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதைச் செருகினால் வண்டி தன் வியாதியை எண்ணாகச் சொல்லும். பி 0455 என்றது. பெட்ரோல் ஆவி எங்கோ பெரிதாகக் கசிகிறது என்று அர்த்தமாம். எங்கே என்று அது சொல்லாது. “பாத்தியா மாப்ளே, உங்கப்பா வண்டிக்கு கேஸ் ட்ரபிள்,” என்று சொல்லிவிட்டு அத்தான் அழி என்ற பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது. அத்தான் ஒரு டாக்டரைப் போலக் கை கழுவப் போனார். நாலைந்து நாளில், காய்கறி வாங்கப் போன வழியில் விளக்கு திரும்பி வந்தது. மறுபடி அழித்தார், மறுபடி வந்தது. “அதுக்கும் சில பேரு மாதிரியே பிடிவாதம்,” என்றாள் அக்கா. அவரைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பட்டறை. மெக்கானிக் முதலில் ஏதோ ஒரு வால்வை மாற்றினார், விளக்கு அசையவில்லை. கடைசியில் குழாய் வழியாக வண்டிக்குள் புகை ஏற்றினார். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே புகை வெளியே வருமாம். அக்கா, அத்தான், நான் மூவரும் வண்டியைச் சுற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். புகை பெட்ரோல் மூடியின் ஓரத்திலிருந்து மெல்ல எழுந்தது. மெக்கானிக் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து சதுரமாக வெட்டிய பிளாஸ்டிக் தாளை இரண்டு விரலால் தூக்கினார்.

“இதை யாருங்க உள்ள வச்சது?”

“அப்பா,” என்றோம் அக்காவும் நானும்.

“அவரு எங்கே?”

“தவறிட்டாரு.”

“அப்போ இது புதுசா இருக்கே?”

உனக்கு நினைவிருக்கும். பெட்ரோல் பறந்துவிடும் என்று அப்பா டாங்க் வாயில் பிளாஸ்டிக் போர்த்தி, அதன் மேல்தான் மூடியைத் திருகுவார். வெட்டிய தாள்கள் டாஷ்போர்டின் முன்பெட்டியில் அடுக்காக இருக்கும். ஒவ்வொரு முறையும் பட்டறைக்காரர்கள் அதைக் குப்பை என்று எறிந்திருக்கிறார்கள். அப்பா போன பிறகும் நாம் குடும்பமாகப் புதிது வைத்திருக்கிறோம். மூடி இறுகாமல் போனதற்கு அதுதான் காரணம். “எடுத்துட்டா அப்பா திட்டுவாரே,” என்றாள் அக்கா. மெக்கானிக் சிரிக்கவில்லை. “நான் எடுத்தேன்னு சொல்லுங்க,” என்றார்.

நேற்று சோதனையில் வண்டி தேறியது. விளக்கு இல்லை. ஆனால் தம்பி, காருக்குள் அந்தப் பெட்ரோல் வாசமும் இல்லை. பின்சீட்டில் நாம் மூவரும் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டு, நீ நடுவில் முகம் வெளுத்து, அம்மா முன்னாலிருந்து எலுமிச்சம்பழத்தை நீட்ட, கல்யாணத்துக்குப் போனாலும் கடற்கரைக்குப் போனாலும் கதவைத் திறந்ததும் வருமே, அந்த வாசம். பயணம் என்றாலே அப்படித்தான் மணக்கும் என்று நான் இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். அது கசிவு. வீட்டு வாசலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாருடைய காரோ மாதிரி இருந்தது.

இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். விளக்கு அணைந்துவிட்டது, இரும்புக் கடைப் பேச்சை இனி எடுக்காதே. என் உயிர் உள்ளவரை இந்தக் கார் என் வாசலைவிட்டு நகராது. வண்டியை அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றும் காகிதம் இத்துடன் இருக்கிறது. சம்மதம் என்று என் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தூங்கி, உன்னையும் தூங்கவிட என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: காகிதத்தில் என் பெயரை அடித்துவிட்டு அக்கா பெயரை எழுது. இதை உறையில் போடும்போது அவள் வந்தாள். “சாவியைக் குடுடா,” என்றாள். எதற்கு என்றேன். பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். போன வருடமே எடுத்திருக்கிறாள், அத்தானுக்குக்கூடத் தெரியாது. “அப்பா உங்க ரெண்டு பேருக்கும் கத்துக்குடுத்தாரு. எனக்கு, நீ எதுக்கும்மா, பின்னாடி உக்காருன்னாரு. உக்காந்தேன். போதும்,” என்றாள். நான் சாவியைக் கொடுத்தேன். தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டு, இருபக்கமும் பார்த்து, அப்பாவைவிட நன்றாகவே திருப்பினாள். வாசல் இப்போது காலியாக இருக்கிறது.