காலநாதர் கடிகாரத்துக்குப் பதினெட்டாம் நம்பர்

ஹெப்பாளில் இப்போதெல்லாம் யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை. "உங்க நம்பர் எத்தனை?" என்றுதான் கேட்கிறார்கள்.

காலநாத சுவாமிகளின் கடிகாரத்துக்கான நம்பர் அது. அதைக் கட்டிய கையைக் கெட்ட நேரம் தொடாதாம். இமயமலைக் குகையில் ஒரு சித்தர் செய்கிறாராம். பௌர்ணமிக்கு ஒன்பதுதான் வருமாம். குகைக்குக் கூரியர் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நம்பர் பின்னால் போய்விடும். சுவாமிகளிடம் காசு கொடுத்து மாலை வாங்கினால் முன்னால் வரும்.

கடிகாரம் கிடைத்தவரைவிடக் காத்திருப்பவருக்குத்தான் மவுசு. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐ.டி. பிள்ளைகள்கூட வெறும் மணிக்கட்டில் காவிக் கயிறு கட்டி, 'நானும் லிஸ்டில் இருக்கிறேன்' என்று ஊருக்குக் காட்டித் திரிந்தார்கள். சுவாமிகள் போன வருஷம்வரை கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் செல்போன் உறை விற்ற லிங்கப்பன் என்பதை மட்டும் எல்லோரும் மறந்துபோனார்கள்.

சொர்ணலதாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவள் கணவன் சுரேந்தர் ஒருநாள் காவிக் கயிற்றோடு வீட்டுக்குள் நுழையும்வரை.

எட்டு வருஷம் காண்டிராக்டில் உழைத்தவனைத் தொழிற்சாலை நிரந்தரமாக்க முன்வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"கடிகாரம் இல்லாம கையெழுத்துப் போட்டா வேலை தங்காதுன்னு சாமி சொல்லிட்டாரு."

"எட்டு வருஷமா எந்தக் கடிகாரம் கட்டிக்கிட்டு மூட்டை தூக்குனீங்க?"

"சும்னிரு லதா, பேசாம இரு! இருநூத்திப் பதினாலுல இருந்தேன். நாலு மாலை வாங்கினதும் பதினெட்டு. முதல் இருபது பேரைக் கூப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமை பௌர்ணமி. மத்தியானமே கையில கட்டிடலாம்."

"கிடைக்கலன்னா?"

சுரேந்தர் கயிற்றைத் தடவிக்கொண்டான். கிடைக்கவில்லையென்றால் அவன் கையெழுத்துப் போடமாட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. தேவராஜா மார்க்கெட் பக்கம் கடிகாரம் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் சொர்ணலதா, அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

வெள்ளித் தட்டில் ஒன்பது கடிகாரங்கள். எல்லாம் நின்றுபோனவை. அழைக்கப்பட்டவர்கள் இருபது பேர். யார் கையில் ஓடுகிறதோ அவருக்குத்தான் கடிகாரம்.

முதலில் ஒரு ஐ.டி. மேனேஜர். பன்னிரண்டு மாலை வாங்கியவர். சுவாமிகள் அவர் கையில் கடிகாரத்தைக் கட்டி, கையைப் பிடித்து மூன்று சுற்று சுற்றினார். "காலமே, எழுந்திரு!" நொடிமுள் ஓடியது. மண்டபமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

யாரை எப்போது கூப்பிடுவது என்பது சுவாமிகள் இஷ்டம்; அடுத்து சுரேந்தர். அவன் கையைப் பட்டு மெத்தையில் வைக்கச் சொல்லி, முட்டையை வைப்பதுபோலக் கடிகாரத்தை மெல்ல வைத்தார். முள் அசையவில்லை.

"மகனே, காலம் உன்னை இன்னும் ஏத்துக்கல. அடுத்த பௌர்ணமிக்கு வா. வரும்போது ஆறு மாலை."

சுரேந்தரின் முகம் செத்துப்போனது. சொர்ணலதா எழுந்தாள். அவன் கைமேலிருந்த கடிகாரத்தை அலுங்காமல் எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். அங்கே தூங்கிக்கொண்டிருந்த தெருநாயின் வாலில் தன் தலைமுடி ரப்பர் பேண்டால் அதைக் கட்டினாள். கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து நீட்டினாள். நாய் வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

முள் ஓடியது.

"இவருக்கு எத்தனாவது நம்பர் சாமி?"

சுவாமிகளுக்கு நெற்றி வியர்த்தது. ஆனால் செல்போன் உறை விற்ற வாய் அல்லவா! "மூடர்களே! நாய் காலபைரவரோட வாகனம்! காலமே நேர்ல வந்திருக்கு!"

கூட்டம் பொத்தென்று நாயின் காலில் விழுந்தது. நாய் பயந்து குரைத்தது. அங்கே அறிவோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

சொர்ணலதா விடவில்லை. தட்டிலிருந்து இன்னொரு நின்ற கடிகாரத்தை எடுத்து, மண்டபம் பெருக்கும் சரசுவின் விளக்குமாற்றில் கட்டினாள். "அக்கா, நாலு பெருக்குப் பெருக்குங்க."

சரசு பெருக்கினாள். முள் ஓடியது.

"விளக்குமாறு எந்தச் சாமியோட வாகனம்?" என்று கேட்ட சொர்ணலதா, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இது ஆட்டோமேட்டிக் வாட்ச். பேட்டரி கிடையாது. கை ஆடினா ஓடும், சும்மா வச்சா நிக்கும். எங்க கடையில வாரம் ரெண்டு வருது. போன்ல மணி பாத்தே வளந்த உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சரசு விளக்குமாற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அய்யே, இதுவா! பின்னாடி ரூம்ல இதே வாட்ச் பதினோரு பெட்டி கிடக்கு. நான்தானே தினமும் சுத்திப் பெருக்குறேன்."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?" என்று மேனேஜர் கத்தினார்.

"நீங்க எல்லாம் படிச்சவங்க. என்கிட்ட யாரு கேட்டீங்க?"

சுவாமிகள் அதற்குள் பின்வாசலில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் கடிகாரம் இருந்தது. கெட்ட நேரம் தொடவில்லை, கூட்டத்துக்குக் காவல் வந்த போலீஸ்தான் தொட்டது.

சுரேந்தர் கயிற்றை அறுத்துப் போட்டான். "லதா, மணி என்ன?"

ஹெப்பாளில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவன் மணி கேட்டான்.

"மூணு பத்து. பஸ்ஸுக்கு நிக்காதீங்க, ஆட்டோ பிடிங்க!"

மூன்று நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டான். வேலை இன்றுவரை தங்கியிருக்கிறது.

நாயின் கதை வேறு. மறுவாரமே அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பிஸ்கட் கொடுக்க நம்பர் வழங்க ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜருக்கு நாற்பத்தேழாம் நம்பராம்.

நம்பர் வாங்க நிற்கும் பெரியோர்களே, உங்கள் தலைக்குள் இருப்பதும் அந்த மாதிரிக் கடிகாரம்தான். சும்மா வைத்திருந்தால் நின்றுபோகும். ஒரு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள், ஓடும். அதற்கு எந்த லிஸ்டிலும் பெயர் எழுத வேண்டியதில்லை.